சம்பந்தியின் தொந்தி பற்றி நான் எழுதாத மூன்று வரிகள்

அன்பும் அடக்கமும் நிறைந்த மாப்ளே லிங்கேஸ்வரனுக்கு, போடியிலிருந்து உன் அக்கா புருஷன் ராக்கையா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காளும் மகள் அனுசியாவும் பூப்பாறைத் தோட்டத்து ஏலச்செடிகளும் நலம் என்று எழுதத்தான் ஆசை. செடிகள் மட்டும் நலம். அவ்விடம் கோயமுத்தூரில் உன் சுகத்தையும் உன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தின் சுகத்தையும் அறிய ஆவல். போனில் சொல்லலாமே என்பாய். சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். ஈமெயிலில் எழுதலாமே என்பாய். அந்தக் கருமத்தால்தான் இந்தக் கடிதமே.

அனுசியாவுக்கும் சிலமலை பாண்டியராஜன் மகன் மகாராஜனுக்கும் பரிசம் போட்டு, ஆவணி இருபதில் கல்யாணம் என்று முடிவானது தாய்மாமனாகிய உனக்குத் தெரியும். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் மாதிரியைச் சம்பந்திக்குக் காட்டி, அவர்கள் பங்காளிகளின் பெயரெல்லாம் வரிசைப்படி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது முறை. நேரில் கொண்டு போறேன் என்றேன். அவர்தான், "எதுக்குண்ணே அலையுறீங்க, ஈமெயில்ல போடுங்க, நாங்களும் லேப்டாப்பு வச்சிருக்கோம்" என்றார். சரி என்று நானும் நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து, மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, மாதிரி இணைத்திருக்கிறேன், குறை இருந்தால் திருத்தித் தரவும், இப்படிக்கு ராக்கையா என்று நாலே நாலு வரி அடிச்சு அனுப்பினேன். நாலு வரி மாப்ளே! அங்கே போய்ச் சேர்ந்தது ஏழு வரி. என் பேருக்குக் கீழே கூடுதலா மூணு வரி: "இன்னுமா அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்? பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஏழே நாளில் கரைக்க இங்கே அழுத்தவும்."

பாண்டியராஜனை நீதான் பார்த்திருக்கியே. பரிசத்தன்னைக்கு ரெண்டு பேர் உட்கார்ற சோபாவில அவரு ஒருத்தராத்தான் உட்கார்ந்தாரு. அன்னைக்குச் சாயங்காலமே போன் அடிச்சிட்டாரு. "ஏண்ணே, சம்பந்தம் பண்றதுக்கு முந்தியே என் வயித்தை அளந்துட்டீங்களாக்கும்?" அய்யய்யோ, நான் எழுதலை சம்பந்தின்னேன். "ஒங்க பேரு, ஒங்க ஈமெயிலு, பெறகு ஒங்க வீட்டுப் பேயா வந்து எழுதுச்சு?"ன்னு டொக்குன்னு வச்சிட்டாரு. இன்னையோட ஒம்பது நாளாச்சு. பத்திரிகை அச்சாபீஸ்ல அப்படியே கெடக்கு. அந்தப் பையன் மகாராஜன் தங்கமான பையன், அப்பன் பேச்சைத் தாண்ட முடியாம அங்க தவிக்கிறான். இங்க அனுசியா சோத்துத் தட்டை முன்னால வச்சிக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. என் ஒரு ஈமெயிலால புள்ளை வாழ்க்கை அந்தரத்துல தொங்குது. உங்கக்கா எனக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா? "நீங்க மனசுல நெனச்சதுதான் எப்படியோ வெளிய வந்துருச்சு"ங்கிறா. நெனச்சது வாஸ்தவந்தான்யா. எழுதலையே!

மானம் போனாப் போகட்டும்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆன்லைன் சென்டர் வச்சிருக்குதே பவித்ரான்னு ஒரு பொண்ணு, அதுகிட்ட லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். தொறந்து பார்த்துட்டு நெஞ்சுல கைய வச்சிருச்சு. "பெரியப்பா, இந்த புரவுசர்ல பதினேழு எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கிட்டு இருக்கு, யாரு போட்டது?" எக்ஸ்டென்ஷன்னா என்ன ஆத்தான்னேன். புரவுசருக்குள்ள வந்து குடியேறுற குட்டிக் குட்டிப் புரோகிராமாம். மழை நிலவரம் சொல்றதுக்கு ஒண்ணு, ராகு காலம் சொல்றதுக்கு ஒண்ணு, எழுத்தைப் பெருசு பண்றதுக்கு ரெண்டு, கேரளாப் பக்கம் பூப்பாறை ஆபீஸ்ல இருந்து மலையாளத்துல வர்ற கடுதாசியத் தமிழ்ல மாத்துறதுக்கு ஒண்ணு, மிச்சமெல்லாம் எதுக்குன்னு எனக்கே தெரியலை. நான் போடலை ஆத்தா, அதுகளா வந்து அனுமதி உண்டான்னு கேட்டுச்சு, நான் உண்டுன்னு சொன்னேன், அம்புட்டுத்தான்னேன். "எல்லா வெப்சைட்டிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதியான்னு கேட்டிருக்கே, அதைப் படிச்சீங்களா?" படிச்சேனே! படிச்சிட்டுத்தான் அமுக்கினேன். எனக்குக் கோவம் வந்துருச்சு. நம்ம தோட்டத்துக்குள்ள புகுந்து மேல் தோட்டத்துக்குப் போற ஒத்தையடிப் பாதையில இன்னைய வரைக்கும் யாரையாச்சும் எங்க அப்பனோ நானோ மறிச்சிருக்கோமா? சுமைக்காரன் வர்றான், மேல் தோட்டத்துச் சேட்டன் வர்றான், மலையேறுறேன்னு பட்டணத்துப் புள்ளைக வருதுக, போகட்டுமான்னு கேட்டா போங்கப்பான்னு சொல்றதுதான மலையில பொழைக்கிறவன் வழக்கம்? அப்படிக் கேட்டேன். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? "பாதை விட்டீங்க, சரி பெரியப்பா. காய் காயப் போடுற ஸ்டோர் சாவியையும் குடுத்து, எடை போடுறப்ப தட்டுல கை வைக்கவும் சம்மதிச்சிருக்கீங்களே." லேப்டாப்பை அது பக்கமாத் தள்ளி விட்டேன்.

இதுல குத்தவாளி யாருங்கிற? அந்த மலையாளம் மாத்துறதுதான்! மூணு வருசமா நல்ல புள்ளையா இருந்துச்சு மாப்ளே, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அதைச் செஞ்ச ஆளு இன்னொருத்தனுக்கு வித்துட்டானாம். வாங்கினவன் உள்ளுக்குள்ள விளம்பரச் சரக்கை ஏத்தி விட்டுட்டான். அதுவும் தானாவே அப்டேட் ஆகிக்கிருச்சு. ஒரு ஜீப்பை வித்தாக் கூட அடுத்த நாளு டிரைவர் மூஞ்சி மாறும், நமக்குத் தெரியும். இதுல ஓனரு மாறினது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியலை. நான் படிக்கிறதை எல்லாம் படிக்கிற உரிமை அதுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சா, நான் எழுதுறதுக்குக் கீழயும் எழுத ஆரம்பிச்சிருச்சு. நல்லவேளை வயித்தோட நிப்பாட்டுச்சு, பேங்கு பாஸ்வேர்டைக் கூடப் பார்த்திருக்குமாம்.

பெறகு பவித்ரா ஒரு களையெடுப்பு எடுத்துச்சு பாரு. பதினேழுல பதினஞ்சைப் புடுங்கி எறிஞ்சிருச்சு. மிச்சம் ரெண்டும், நான் அழுத்திக் கூப்பிட்டா மட்டும், நான் கூப்பிட்ட பக்கத்துல மட்டும் வேலை செய்யணும்னு கட்டுப் போட்டாச்சு. ஈமெயிலுக்கும் பேங்குக்கும் புதுப் பாஸ்வேர்டு, எங்கெங்க தொறந்து கெடந்துச்சோ அம்புட்டையும் ஒரே அமுக்குல வெளியேத்தினது, இனிமே உள்ள போகணும்னா போனுக்கு வேற ஒரு நம்பர் வரணும். பேங்குக்கும் ஏலக்காய் ஏலத்துக்கும் எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி புரவுசரு. புரவுசரு அப்டேட் கேட்டா நாளைக்குன்னு தள்ளாம அன்னைக்கே பண்ணிரணுமாம், ஓட்டை இருந்தா அதுலதான் அடைபடுமாம். நல்ல பேரு எடுத்த எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் மாசத்துக்கு ஒருக்கா தொறந்து பார்த்து, வேண்டாததைத் தூக்கிரணுமாம். இனிமே எது அனுமதி கேட்டாலும் நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு விசாரிக்காம விடுறதில்லைன்னு போடி பரமசிவன் கோயில்ல சத்தியமே பண்ணிட்டேன்.

இம்புட்டையும் சிலமலையில போய் நான் சொன்னா பாண்டியராஜன் நம்ப மாட்டாரு, சமாளிக்கிறேன்னுதான் நெனப்பாரு. நீ படிச்சவன், இதே சோலியில இருக்கிறவன், பொண்ணுக்குத் தாய்மாமன். நீ போய் உட்கார்ந்து, அது மெஷின் எழுதினது, மச்சான் மனசுல ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். மனசுல ஒண்ணுமில்லைங்கிறதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு. லீவு இல்லை கீவு இல்லைன்னு சொல்லாம வெரசா வந்து சேரு. உனக்கும் உன் வீட்டாருக்கும் நம்ம குலசாமி நோய்நொடி இல்லாத ஆயுசும், சொன்ன பேச்சைக் கேக்கிற புள்ளைகளும் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
சு. ராக்கையா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போற நேரத்துல போன்ல சம்பந்தி ஈமெயில் வந்துச்சு. அவரு எழுதினது ரெண்டு வரி: "மகன் சாப்பிடாமக் கெடக்கான். நடந்தது நடந்துச்சு, பத்திரிகையை அடிங்க." அதோட நிப்பாட்டினாரா? கீழே மூணு வரி: "மண்டை வெயிலில் பளபளக்கிறதா? கண்ணாடி பார்க்கவே கூசுகிறதா? ஒரே மாதத்தில் முடி வளர இங்கே அழுத்தவும்." என்ன திமிரு இருந்தா என் தலையைப் பத்தி எழுதுவாரு! பவித்ராவுக்குப் போன் போட்டேன். "அவரு கோவத்துல போனை வச்சிட்டு, ரகசியமா அந்தத் தொந்தி மருந்தை அழுத்திருக்காரு பெரியப்பா, அது கேட்ட அனுமதியவும் குடுத்திருக்காரு, அதே சரக்கு இப்ப அங்கயும் ஒட்டிக்கிருச்சு"ன்னு சொல்லுது. அதெல்லாம் நான் நம்ப மாட்டேன். மனசுல இல்லாமயா எழுத்துல வரும்? இந்த அனுசியா வேற ஈமெயிலைப் படிச்சிட்டு வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறா, ஒம்பது நாளுக்குப் பெறகு இன்னைக்குத்தான் சிரிக்கிறா. நீ கட்டாயம் வா. எனக்காக விளக்கம் சொல்லப் போக வேண்டாம், அந்த மூணு வரியை அவரு எழுதலைன்னு சத்தியம் வாங்கிட்டு வா. பத்திரிகையை அச்சுக்குக் குடுத்தாச்சு. அது வேற சோலி, இது வேற சோலி.