எறும்பு ஏறாத தட்டு

2008-ஆம் ஆண்டு பலாப்பழக் காலத்தில் காடாம்புலியூரில் சர்க்கரை நோய் ஒழிந்துவிட்டது. உலகத்து டாக்டர்களெல்லாம் திணறிக்கொண்டிருந்த வேலையை, எறும்புச் சாமி என்பவர் வெள்ளிக்கிழமைதோறும் காலை டிபனுக்கு முன்பே முடித்துக்கொண்டிருந்தார். பண்ருட்டியிலிருந்து வந்த பஸ்களில் நிற்க இடமில்லை.

சாமியின் ஆராய்ச்சிக்கூடம் ஒரு முந்திரித்தோப்பு. கருவிகள், இரண்டு தட்டுகள். முதல் வாரம் நோயாளியின் சிறுநீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றிப் புற்றருகே வைப்பார். எறும்பு மொய்க்கும். "பாத்தியா, சர்க்கரை!" தீர்த்தம் குடித்துவிட்டு அடுத்த வாரம் வந்தால் பித்தளைத் தட்டு. ஓர் எறும்புகூட ஏறாது.

"மனுசன் பொய் சொல்லுவான். எறும்பு சொல்லுமா?" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். குணமானவர்கள் கையிலுள்ள மாத்திரைகளை ஓமகுண்டத்தில் போட்டுவிட வேண்டும். அக்கினி பகவானுக்கும் சர்க்கரை இருந்ததோ என்னவோ, ஒன்று விடாமல் விழுங்கினார்.

இந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்திலிருந்து ஜான்சி வந்தாள். ஆராய்ச்சிக் குழு ஒன்றில் வேலை. வருடக்கணக்கில் ஆளை வாட்டும் நோய்களில் எதை முதலில் ஆராய்வது என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம் நடக்கவிருந்தது. அதற்கு முன் ஊர்க்காரர்களைக் கேட்டு வரும் பொறுப்பு அவளுடையது.

"சுகரா? அது எங்க ஊர்ல கேன்சல் ஆயிடுச்சு மேடம்," என்றார் பலாப்பழ வியாபாரி கலியமூர்த்தி. "ஒங்களுக்குப் பணம் ஜாஸ்தியா வந்தா, பலாப்பிஞ்சு ஏன் மரத்துலயே அழுவிப் போவுதுன்னு ஆராய்ச்சி பண்ணுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரே இப்படிச் சொன்னால் சர்க்கரை நோய் கடைசிக்குத் தள்ளப்படும் என்று ஜான்சிக்குத் தெரியும். அதைவிட அவளை உறுத்தியது, கலியமூர்த்தியின் மனைவி மங்கலத்தின் காலில் இருந்த துணிக்கட்டு.

"எவ்ளோ நாளாக்கா இந்தப் புண்ணு?"

"முள்ளு குத்துனது. ஆறவே மாட்டேங்குது. மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு சாமி. நாளைக்கு எனக்குப் பித்தளைத் தட்டு."

"சுகர் போயிட்டா புண்ணு ஆறணுமேக்கா," என்றாள் ஜான்சி. "நாளைக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அதே தட்டுல இனிப்பு எதாவது வச்சிப் பாருங்க. எறும்பு வருதான்னு."

அன்றிரவு மங்கலத்துக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பித்தளைத் தட்டில் எறும்பு ஏறவில்லை. "குணம்!" என்றார் சாமி. கூட்டம் கை தட்டியது. கலியமூர்த்தி மகிழ்ச்சி தாங்காமல் ஒரு பலாப்பழத்தை அறுத்து மனைவிக்கு முதல் சுளையை நீட்டினார். மங்கலம் அதை வாயில் போடவில்லை. தட்டிலிருந்ததைக் கொட்டி, உள்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டு, நடுவில் சுளையை வைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?" சாமி எழுந்தார்.

"சும்மா பாக்கறேன் சாமி."

எறும்புகள் வரிசையாக வந்தன. விளிம்பு வரைக்கும் ஏறின. அங்கேயே திரும்பிப் போய்விட்டன. தேன் சொட்டும் சுளை தனியாகக் கிடந்தது.

"ஆகா! பலாப்பழத்துக்கும் சர்க்கரை கொணமாயிடுச்சு!" என்று ஒரு பக்தர் கும்பிட்டார்.

"யோவ், அப்ப நான் இனிக்காத பழத்தயா வித்துகினு இருக்கேன்?" என்று பாய்ந்த கலியமூர்த்தி, தட்டின் விளிம்பை விரலால் தேய்த்தார். வெள்ளைப் பொடி. வீட்டில் அரிசிப் பானையைச் சுற்றிக் கோடு போடுகிற எறும்பு சாக்பீஸ்! அதை விளிம்பின் அடிப்பக்கம் அழுத்திப் பூசியிருந்தார் மகான்.

"இது... மூலிகை," என்றார் சாமி.

"அப்படின்னா கொஞ்சம் நக்கிக் காட்டு!"

சாமி நக்கவில்லை. தோப்பின் பின்பக்க முள்வேலியை அவர் தாண்டிய வேகத்தைப் பார்த்தவர்கள், அவர் உடம்பில் எந்த நோயும் இல்லையென்று சத்தியம் செய்தார்கள்.

மங்கலத்தை அன்றே கடலூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விரல் போயிற்று, கால் பிழைத்தது. ஜான்சியின் அழைப்பின் பேரில், கட்டுப்போட்ட காலோடு சிதம்பரம் கூட்டத்துக்கும் வந்தாள். எந்த நோயை முதலில் எடுப்பது என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சுகரயே எடுங்கய்யா," என்றாள் மங்கலம். "எடுத்தா இதையும் சேத்துப் பாருங்க. ஆஸ்பத்திரியில என் மூஞ்சப் பாக்காமயே மாத்திர எழுதிக் குடுத்தாங்க. அந்தத் திருட்டுப்பய ஒக்கார வச்சி, 'என்னம்மா பண்ணுது'ன்னு கேட்டான். அதாங்க ஏமாந்தேன்."

அறிஞர்கள் சர்க்கரையையும் அவள் சொன்னதையும் சேர்த்தே முதலிடத்தில் வைத்தார்கள்.

எறும்புச் சாமி இப்போது சேத்தியாத்தோப்புப் பக்கம் ரத்தக்கொதிப்பைக் குணப்படுத்துகிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகலாம், செருப்பை மட்டும் வாசலில் விடுங்கள், மூளையை உள்ளே எடுத்துக்கொண்டு போங்கள்.