வண்டிமேல் நாலு விளக்கு

நாலு விளக்கும் எரியவில்லை. அதுதான் விஷயம்.

புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வேன்காரர் சுவிட்சைத் தட்டினார். டிக் என்றது. இறங்கி வந்து பார்த்தார். வேனின் கூரைமேல் நாலு புது விளக்குகள், விடை தெரியாத பிள்ளைகளைப் போல விழித்துக்கொண்டு நின்றன. திரும்ப ஏறினார். தட்டினார். டிக்.

"சத்தம் நல்லா வருது," என்றாள் மனைவி, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

அவள் ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். தலையை நிமிர்த்த மாட்டாள். ஆனால் தெருவில் ஓர் ஈ பறந்தாலும் அவளுக்குக் கணக்கு உண்டு.

கதை திங்கட்கிழமை தொடங்கியது. பால் பண்ணையில் ஒரு வேன் தேடினார்கள். விடியுமுன் மலைப்பாதையில் ஏறிப் பால் கேன்களைக் கொண்டுவரவேண்டும். தெருவிளக்கு கிடையாது. வளைவுக்கு வளைவு மாடு படுத்திருக்கும். பண்ணை சூப்பர்வைசர் வேன்காரரிடம் சொன்னார்:

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கொண்டுவாங்க. மேலே நாலு விளக்கு இருக்கணும். எரியணும்."

'எரியணும்' என்பதை மனிதர் எதற்குத் தனியாகச் சொல்கிறார் என்று வேன்காரருக்கு அன்று புரியவில்லை.

ஓட்டம் கிடைத்தால் வருஷம் பூராவும் வேலை. இப்போதோ வாரத்தில் நாலு நாள் வேன் வாசலில் நின்று வெயில் காய்கிறது. கிடைக்காவிட்டால் அது எதிர்வீட்டுக்காரருக்குப் போகும். அவரிடமும் ஒரு வேன். அதன் மேலும் நாலு விளக்கு. அவை எரிகின்றன. அதையும் அவர் பகலிலேயே போட்டுக் காட்டுகிறார்.

விளக்கு மாட்ட ஊரில் ஆளில்லாமல் இல்லை. வேன்காரரின் மச்சினனே வண்டி எலெக்ட்ரீஷியன். நாலு தெரு தள்ளிக் கடை. கண்ணை மூடிக்கொண்டு வயர் இழுப்பான். வயரிங் கடைக்காரர் பிள்ளை. அப்பா போன பிறகு கடை அவனுக்கு வந்தது.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் நாலு பேர் நடுவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்: "அத்தானுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். வண்டியைத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். வேன்காரர் சிரிக்கவில்லை. "இனி இவன் என் வண்டியில் கை வைத்தால் கையை ஒடிப்பேன்," என்றார். அன்றோடு வீட்டுக்குள் போக்குவரத்து நின்றது. அதன்பிறகு மச்சினன் வருவான். கேட்டுக்கு வெளியே பைக்கில் ஒரு கால், தரையில் ஒரு கால். அக்கா கேட்டுக்கு உள்ளே. கம்பி இடுக்கில் பேசிக்கொள்வார்கள். அந்த இடுக்கில் டீ டம்ளர் நுழையாது. அதனால் டீ கிடையாது.

ஆகவே திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் பிரகடனம் வந்தது.

"விளக்கை நானே மாட்டப் போறேன்."

"தம்பியைக் கூப்பிட்டா அரை நாள் வேலைங்க."

"எனக்கு ரெண்டு கை இருக்கு."

"கை இருக்குதான்," என்றாள். மீதியைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை துளை போட்டார். கூரையில் கம்பி பொருத்தி, அதன்மேல் விளக்கு. இதில் பிழை சொல்ல முடியாது. நேராகவே மாட்டினார். விளக்கிலிருந்து வயரை உள்கூரைத் துணிக்குள் விட்டுக் கீழே கொண்டுவரத்தான் முடியவில்லை. ஒரு மணி நேரம் தள்ளினார். வயர் போன வழியே திரும்பி வந்து அவர் மூக்கில் இடித்தது.

மனைவி எழுந்து வந்தாள். வயர் நுனியில் ஓர் ஊக்கைக் குத்தினாள். நாடா கோர்க்கிற மாதிரி துணிக்கு வெளியிலிருந்தே ஊக்கைப் பிடித்துத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தாள். மூன்று நிமிஷம்.

"நானும் அதைத்தான் செய்யலாம்னு இருந்தேன்," என்றார் வேன்காரர்.

"தெரியுமே," என்று உள்ளே போனாள்.

புதன்கிழமை இணைப்பு வேலை. பேட்டரியிலிருந்து ஒரு வயர். வழியில் ஒரு பியூஸ், சின்னக் கறுப்பு மூடிக்குள். பிறகு கரண்டைத் திறந்துவிடும் ரிலே, சுவிட்ச், விளக்கு. விளக்குகளின் கறுப்பு வயர் நாலையும் சேர்த்து, இருக்கைக்குப் பின்னால் பாடியில் ஒரு போல்ட் போட்டு இறுக்கினார். அதுதான் எர்த், கரண்ட் திரும்பிப் போகும் வழி.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். வேனுக்குப் போன மாதம்தான் பெயின்ட் அடித்திருந்தார். நீலம். தன் கையால். அந்த நீலத்தில் காக்கை உட்கார்ந்தால்கூட அவருக்கு மாரடைக்கும். அப்படிப்பட்டவர் போல்ட்டை வெறும் இரும்பாக விடுவாரா? முதலில் துளை ஓரத்தில் பெயின்ட். பிறகு ஒரு ரப்பர் வாஷர். பிறகு வயர். பிறகு போல்ட். அதன்மேல் இரண்டு கோட் நீலம்.

மனைவி டீ கொண்டுவந்தாள். பார்த்தாள்.

"எர்த் போல்ட்டுக்கும் பெயின்ட் அடிச்சுட்டீங்களா?"

"அடிக்காம? துரு ஏறாதா?"

"இரும்பு இரும்பைத் தொடணுமே. எங்கப்பா எர்த் போடறதுக்கு முன்னாடி சுரண்டச் சொல்வார்."

"சுரண்டறதா? புது பெயின்ட்டையா? நீ போய்க் காஜா தை."

"சரி," என்றாள்.

இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதன் அந்த 'சரி'யைக் கேட்டு நடுங்கியிருக்கவேண்டும். வேன்காரர் டீயைக் குடித்தார்.

அன்று மாலைதான் டிக்.

"என்ன அண்ணே, எரியுதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர், தன் வீட்டுப் படியில் நின்று.

"வயிறு எரியுது. போய் வேலையைப் பாருங்க."

டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். கரண்ட் வருகிறது. விளக்கு வரை வருகிறது. விளக்கு எரியவில்லை. பியூஸைத் திறந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது. மூடினார். பியூஸ் முடிந்த விஷயம். வேன்காரர் ஒன்றை ஒரு தடவை பார்த்துவிட்டால் பார்த்ததுதான். இரண்டாம் தடவை பார்ப்பது கண்ணுக்கு அவமானம் என்பது அவர் கொள்கை.

எனவே குற்றம் விளக்குக் கடைக்காரருடையது. வியாழக்கிழமை மதியம் விளக்கு நாலையும் கழற்றிக்கூடப் பார்க்காமல், கடைக்காரரைத் திட்டுவதற்காகவே பஸ் ஏறிப் போனார். இரண்டு மணி நேரம் திட்டினார். கடைக்காரர் பொறுமைசாலி. அதே மாதிரி விளக்கு ஒன்றை மேஜைமேல் எரியவைத்துக் காட்டினார். கூடவே வேறொரு சுவிட்சும் விற்றார்.

திரும்பி வந்து புது சுவிட்சை மாட்டினார். தட்டினார். இது டக் என்றது.

டெஸ்டரை வைத்தார். திடுக்கிட்டார்.

"ஏய்! நேத்து விளக்கு வரைக்கும் கரண்ட் வந்துச்சு. இன்னிக்கு ரிலேவுக்கே வரலையே!"

"உங்க கோபத்தைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கும்," என்றாள் மனைவி. மெஷின் கடகடவென்று ஓடியது.

"விளையாடாதே. நேத்து இருந்தது இன்னிக்கு எங்கே போகும்?"

"பியூஸைப் பாருங்களேன்."

"அதெல்லாம் நேத்தே பார்த்தாச்சு!"

"அப்போ சரி."

இது இரண்டாவது 'சரி'. எண்ணிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அவர் ரிலேவை மாற்றினார். பேட்டரியைக் கழுவினார். சுவிட்சுக்குப் போகும் வயரைப் பிடுங்கி வேறு வயர் போட்டார். டேஷ்போர்டைக் கழற்றியதில் ஐந்து திருகாணி மிஞ்சியது. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஹாரனும் ஒரு மாதிரி கேட்டது.

"அண்ணே, எரியுதா?"

வேன்காரர் டேஷ்போர்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் தன் வண்டி விளக்குகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அவற்றில் ஒன்றுமே இல்லை.

"நாளைக்கு நானும் பண்ணைக்குத்தான் வரேன்," என்றார் எதிர்வீட்டுக்காரர். "நீங்க வராட்டி வண்டி வேணுமில்ல அவங்களுக்கு."

சனிக்கிழமை காலை முழுக்க வேன்காரர் வேனுக்குக் கீழே கிடந்தார். விளக்கு மேலே இருக்கிறது. அவர் எதற்குக் கீழே கிடந்தார் என்று கேட்கவேண்டாம். மேலே தேட இடம் தீர்ந்துவிட்டது.

பதினொரு மணிக்கு மனைவி வாசலில் வந்து நின்றாள். வேனுக்குக் கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அவள் அந்தக் கால்களோடு பேசினாள்.

"தம்பி இன்னிக்குக் கடையிலதான் இருப்பான்."

கீழே ஸ்பானர் ஒன்று டங்கென்று விழுந்தது.

"நாலு மணின்னாரு சூப்பர்வைசர்."

கால் கட்டைவிரல் ஒன்று அசைந்தது.

"நான் கூப்பிட மாட்டேன். கையை ஒடிப்பேன்னு சொன்னது நீங்க. வரச் சொல்றதும் நீங்கதான் சொல்லணும்."

உள்ளே போய்விட்டாள். சமையலறையில் வழக்கத்தைவிடப் பாத்திரச் சத்தம் அதிகமாகக் கேட்டது.

ஒரு மணிக்கு வேன்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். மனைவி காதில் விழக்கூடாது.

"யாரு?" என்றது போன்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"உங்க அக்கா வீட்டுக்காரர்."

"அய்யோ! அக்காவுக்கு என்ன?"

அந்தக் குரலைக் கேட்டதும் வேன்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீஸாக இருக்கும்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கா. வண்டிக்குத்தான்."

"வண்டிக்கா? அந்த வண்டியில கை வச்சா கையை ஒடிப்பேன்னு…"

"கையை அப்புறம் ஒடிக்கிறேன். முதல்ல வா."

போனில் பைக் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

"கேட்டுக்கு வெளியேவா, உள்ளேயா, அத்தான்?"

"உள்ளேதான். வா மாப்பிள்ளை."

சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. திரும்பி வந்து பார்த்தார். மனைவி மெஷினில் உட்கார்ந்து பாபின் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். லேசாக மூச்சு வாங்கியது.

"உன் தம்பி வரான்," என்றார், கடுகடுப்பாக.

"அப்படியா?" என்றாள். என்ன ஒரு ஆச்சரியம் அந்த முகத்தில்!

கால் மணியில் மச்சினன் வந்தான். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றுகிறபோது கால் தடுமாறியது. அக்கா ஓடி வந்தாள். அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடு முதல்ல," என்றாள்.

மேஜையில் மூன்று தட்டு. மூன்று டம்ளர். நாலு வகைச் சமையல், ஆவி பறக்க. கூப்பிட்டுக் கால் மணி நேரம்தான் ஆகிறது. வேன்காரர் தட்டைப் பார்த்தார். ஒரு தடவை. அவ்வளவுதான் அவர் பார்ப்பார்.

சாப்பிட்டதும் மச்சினன் கை துடைத்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தான். சிரிக்கவில்லை. அதை வேன்காரர் கவனித்தார். மனதில் ஒரு மார்க் போட்டார்.

"எதையும் கழற்றறதுக்கு முன்னாடி சுவிட்சை ஒரு தடவை போடுங்க அத்தான், பார்ப்போம்."

"எரியாதுடா. நாலு நாளா…"

"போடுங்களேன்."

டக்.

நாலும் எரிந்தன. பட்டப்பகலில் எதிர்வீட்டுச் சுவரில் நாலு வெள்ளை வட்டம். படியில் நின்றிருந்த எதிர்வீட்டுக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

வேன்காரர் வேனிலிருந்து குதித்து இறங்கினார். "மாப்பிள்ளை, நீ கைராசிக்காரன்டா!" என்று மச்சினனைக் கட்டிக்கொண்டார். அவன் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பியது. இருவரும் வேனில் ஏறிப் பண்ணைக்குப் போனார்கள். சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்தார். போட்டுப் பார்த்தார். அணைத்துப் பார்த்தார். தலையாட்டினார். திங்கட்கிழமையிலிருந்து ஓட்டம் என்றார். வயரிங் யார் என்று கேட்டார்.

"நம்ம மாப்பிள்ளைதான்," என்றார் வேன்காரர், பெருந்தன்மையாக.

திரும்பி வருகிறபோது மச்சினன் நெளிந்தான்.

"அத்தான், நான் எதையுமே தொடலை."

"அடக்கமா பேசாதே."

"நிஜமா. எர்த் போல்ட்டுல பெயின்ட்டும் இல்ல, ரப்பரும் இல்ல. பளிச்சுன்னு சுரண்டியிருக்கு. குறுக்கே மூணு கீறல், நெடுக்கே மூணு கீறல். எங்கப்பா பழக்கின சுரண்டல் அது. அப்படிச் சுரண்டத் தெரிஞ்சவங்க இப்போ உலகத்துல ரெண்டே பேரு. ஒருத்தன் நான்."

வேன்காரர் ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார்.

மச்சினனைக் கடையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலின் நுனியில் நீலம். அதை அவர் முந்தாநாளும் பார்த்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை இரண்டாம் தடவை பார்த்தார்.

"எப்போ சுரண்டினே?"

"வியாழக்கிழமை. கடைக்காரரைத் திட்டப் போனீங்களே, அப்போ."

"அன்னிக்கே எரிஞ்சுதா?"

"நாலும். கண்ணு கூசிடுச்சு."

"அப்புறம் ரெண்டு நாளா ஏன் எரியலை?"

அவள் பாபின் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடம் காலியாக இருந்தது. பியூஸ் அளவுக்கு.

"கொல்லைப்புறத்துல நீங்க 'வா மாப்பிள்ளை'ன்னு சொன்னது இங்கே வரைக்கும் கேட்டுச்சு. ஓடிப்போய்த் திரும்பப் போட்டுட்டேன்."

"ரெண்டு நாள் என்னை வண்டிக்குக் கீழே படுக்கப் போட்டியே!"

"ரெண்டு வருஷம் என் தம்பியைக் கேட்டுக்கு வெளியே நிக்க வச்சீங்களே," என்றாள். மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

வேன்காரர் வாசலுக்கு வந்தார். சட்டைப் பையில் ஐந்து திருகாணி கலகலத்தது. எதிர்வீட்டுக்காரர் படியிலேயே நின்றிருந்தார்.

"அண்ணே, கடைசியில யாரு சரி பண்ணினது? மச்சினனா?"

வேன்காரர் ஜன்னலைப் பார்த்தார். மெஷின் சத்தம் நின்றிருந்தது. உள்ளே யாரோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல," என்றார். "அவனோட அக்கா."