எர்த்துக்கு ஏழு வாளி

தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது தன் பழைய ரேடியோ பெட்டியை அழகமுத்துவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே அழகமுத்து தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, ஊர் கேட்க ஒரு சபதம் செய்தான்.

"ரேடியோ வச்சிருக்கிறவன் இனிமே பீலிக்குப் போயித் தண்ணி தூக்க மாட்டான். ஆமா!"

பெரிய சபதம்தான். அதற்கு முன்பும் அவன் தண்ணீர் தூக்கியதில்லை என்பது மட்டும் அதில் ஒரு சின்னக் குறை.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்குள் இருந்த அந்தத் தோட்டத்தில் அப்போது ரேடியோ மொத்தம் இரண்டு. ஒன்று பங்களாவில். மற்றது, ரப்பர் பாலை ஷீட்டாக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்க்கும் பிட்டர் அழகமுத்துவின் முன் அறையான காம்பராவில். சனிக்கிழமை சாயங்காலம் கொழும்பிலிருந்து அரை மணி நேரம் தமிழ்ப் பாட்டு வரும். லயமே முகம் கழுவி, தலை சீவி, வாசலில் வந்து உட்காரும். பாட்டில் பாதி இரைச்சல்தான். ஆனாலும் என்ன சுகம்! இன்றைக்கு வீட்டுக்கு வீடு பெட்டி பாடுகிறது. கேட்கத் தலை சீவிக்கொண்டு வருகிறவர் யார்?

ரேடியோவுக்கு மூன்று வேண்டும் என்றான் அழகமுத்து. கூரைக்கு மேலே ஏரியல் கம்பி. பக்கத்தில் பெட்டரி. அப்புறம் எர்த். பெட்டியின் முதுகில் ஒரு திருகாணி. அதிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக வெளியே போய்ச் செப்புத் தகட்டில் முடியும். தகட்டை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் மண்வெட்டி இறங்குகிற மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. அது அவன் பெண்சாதி வெள்ளையம்மா கொத்திப் பதப்படுத்திய கத்தரிப் பாத்தி. பூவும் பிஞ்சுமாக நின்ற இரண்டு செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகட்டைப் புதைத்தான்.

ரப்பர் பால் வெட்டு முடிந்து வந்த வெள்ளையம்மா வாடிக் கிடந்த செடிகளைக் கையில் எடுத்தாள்.

"என்னங்க இது?"

"எர்த்து."

"இது கத்தரிச் செடிங்க. எஹலியகொடயில இருந்து எங்கம்மா குடுத்துவிட்ட வெத."

"வெள்ளக்காரன் மூளைக்கு முன்னால கத்தரிக்கா என்னடி பெரிய கத்தரிக்கா?"

அவள் செடிகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் கத்தினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். பாவம், அது அவனுக்கு அப்போது தெரியாது.

மாசி வெயில் வந்தது. பாத்தி வெடித்தது. விடிய எழுந்து மலைக்குப் போய், வெட்டி, பால் சேர்த்து, சுமந்து வந்த பிறகு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கும் பாத்திக்கும் நடக்க வெள்ளையம்மாவின் காலில் தெம்பில்லை.

"ரெண்டு வாளி ஊத்துங்களேன். செடி சாகுது."

"சபதம்டி!"

அடுத்த நாள் ரேடியோ கரகரத்தது. வறுசட்டியில் கடுகு வெடிப்பது போல இடைவிடாமல் சத்தம். அழகமுத்து கூரையில் ஏறினான். ஏரியலில் உரசிய ரப்பர் கிளையை வெட்டினான். கரகர. பெட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தான். கரகர.

"அந்தப் பின்னாடி ஆணி?" என்றாள் வெள்ளையம்மா.

"நான் முடுக்குன ஆணி இந்த ஜென்மத்துல இளகாது. எஞ்சினே எங் கையில நிக்குது, தெரியுமா?"

"அப்ப எர்த்துதானுங்களா? மண்ணு காஞ்சா கரகரக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொல்லியிருந்தான். ஸ்டோர் வாசலில் நின்று பத்துப் பேருக்குச் சொல்லியிருந்தான். சனிக்கிழமைக்கு இரண்டே நாள். கரகர என்றால் லயமே சிரிக்கும். அழகமுத்து வாளியைத் தூக்கினான்.

பீலிக்கரையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னாண்ணே, சபதம் செத்துப்போச்சா?" என்றாள் பக்கத்துக் காம்பரா மருதாயி.

"இது தண்ணி இல்ல புள்ள. எர்த்துக்கு மருந்து."

ஒன்று, இரண்டு, மூன்று. பாத்தி முழுக்க நனைய ஏழு வாளி போனது. ஏழாவதை ஊற்றும்போது உள்ளேயிருந்து வெள்ளையம்மா கத்தினாள்.

"தெளிஞ்சிருச்சுங்க!"

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. மண் காய்ந்தால் கரகர. ஆறு வாளிக்கு அடங்காது, ஏழாவதில் பெட்டி பளிச்சென்று பாடும். "எர்த்துக்கு ஏழு வாளி" என்று அழகமுத்து தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். செல்லையாக் கங்காணி தோளில் தட்டி, பாதி சிங்களத்தில், "ஹரி ஷோக் மச்சான்! ஒம் மண்டைக்குள்ள தொரையே குந்தியிருக்கான்" என்றார். சிரித்த பெண்களெல்லாம் இப்போது மரியாதையாக ஒதுங்கிப் பீலியில் இடம் விட்டார்கள்.

பாத்தியில் கத்தரி இடுப்பளவு வளர்ந்தது.

பங்குனி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. ஏழாவது வாளி பாத்திக்கு வருமுன்னே பிடி கழன்று, தண்ணீர் வழியிலேயே கொட்டிவிட்டது. குடம் எடுக்க அழகமுத்து பின்பக்கமாக உள்ளே வந்தான்.

ரேடியோவின் முதுகில் குனிந்து நின்றாள் வெள்ளையம்மா. விரல் நடுவே ஒரு சதக் காசு. காசின் விளிம்பைத் திருகாணிப் பள்ளத்தில் வைத்து அரைச் சுற்று முடுக்கினாள். கரகர நின்றது.

"தெளிஞ்சிரு..." என்று வெளியே பார்த்துக் கத்தத் தொடங்கியவள் திரும்பினாள்.

பெட்டி அழகாக நாதஸ்வரம் வாசித்தது.

"எத்தன நாளாடி இத இளக்கி இளக்கி முடுக்குற?"

"ரெண்டு செடியப் புடுங்குனீங்கல்ல? அதுக்கு மறு மாசத்துல இருந்துங்க."

"அப்ப எர்த்து?"

"அது நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன கொற?"

அழகமுத்துவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இனி ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்! செடி கருகட்டும்! இந்த ஆணிய நான் முடுக்குற முடுக்குல..."

"முடுக்குங்க," என்றாள் அவள் நிதானமாக. காசை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "மண்ணு காஞ்சு கெடக்கும், பெட்டி நல்லாப் பாடும். அது எப்புடின்னு செல்லையாண்ணன் கேப்பாரு. பீலியில மருதாயி கேப்பா. நீங்களே வெவரமாச் சொல்லிருங்க. எனக்குச் சொல்லத் தெரியாது."

வாசலில் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. தலை சீவிய கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. செல்லையாக் கங்காணியின் குரல் முன்னால் வந்தது.

"என்னா மச்சான், இன்னக்கி ஏழும் ஊத்தியாச்சா?"

அழகமுத்து கையிலிருந்த காசைப் பார்த்தான். வெள்ளையம்மாவைப் பார்த்தான். குடத்தை எடுத்துக்கொண்டான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி, கங்காணி!"