இடது மூலை நியமனம்

மனிதனுக்குக் காது எதற்காக வந்தது என்ற கேள்வி அறிஞர்களைப் பல நூறு ஆண்டுகள் திண்டாட வைத்தது. அதற்கான இறுதி விடை எங்கள் அத்தான் வீட்டு முன்னறையில், தரையிலிருந்து நாற்பத்தோரு அங்குல உயரத்தில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களும் தரையோடு திருகப்பட்டிருக்கின்றன. உட்காருபவரின் காது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும் ஒரே நாற்காலி அதுதான். மற்ற நாற்காலிகளில் மக்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் 'தூய ஒலி மன்ற'த்தின் செயலாளர். உறுப்பினர் நான்கு பேர். தலைவர் எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. 'தங்கக்காது' என்பது அவருடைய பட்டம், வழங்கியவரும் அவரே. துணைத் தலைவர் ஒரு பல் டாக்டர். தொழில்நுட்ப ஆலோசகர் ஓய்வுபெற்ற சர்வேயர். நாற்காலிக்கு இடம் அளந்து கொடுத்தவர் அவர்தான். நான்காவது ஆள் நான், குறிப்பெழுதுபவன்.

நாங்கள் கேட்பது 'இழப்பில்லாத இசை'. நீங்கள் ஃபோனில் கேட்பது பிழிந்து சாறெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. எங்களுடையது ஒலிப்பதிவுக் கூடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, துளி குறையாமல் வந்து சேரும். பாடகி எச்சில் விழுங்கினால் அதுவும் வரும். அந்த அம்மாள் எச்சில் விழுங்குவதை நாங்கள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கண்கலங்கக் கேட்டிருக்கிறோம்.

இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. இணையத்திலிருந்து பாட்டை இறக்கிய அன்றே போடக் கூடாது. "பயணக் களைப்பு இருக்கும்" என்பார் அத்தான். ஒரு நாள் ஆறவிடுவார். "உள்ளே வெறும் எண்கள்தானே சார் இருக்கு, எண்ணுக்கு என்ன களைப்பு?" என்று சர்வேயர் ஒருமுறை கேட்டுவிட்டு மூன்று வாரம் இடைநீக்கத்தில் இருந்தார். ஒயர்கள் தரையில் படக் கூடாது. தரையின் குளிர்ச்சி ஒலியில் ஏறிவிடும். அதனால் அவை சின்னச் சின்ன மரக்கட்டைகள் மேல் படுத்திருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மின்விசிறி நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி கழற்றப்படும். விளக்கு ரீங்கரிக்கும் என்பதால் அதுவும் கிடையாது. கனத்த திரைகளை இழுத்து விட்டுக் கண்ணை மூடிக்கொள்வோம்.

பிறகு பாட்டு. எப்போதும் ஒரே பாட்டு. அதிலும் முதல் நாற்பத்திரண்டு விநாடி. முதலில் ஒரு வயலின், அப்புறம் ஒரு மணியோசை, ஒரு கனமான அடித்தாளம், பாடகியின் எச்சில், கடைசியாக அவர் "நீ..." என்று எடுப்பார். அத்தான் நிறுத்திவிடுவார். பல் டாக்டர், "மேல் ஸ்தாயில லேசா கூச்சம் இருக்கு" என்பார். ஏதாவது ஒரு ஒயரைக் கழற்றித் திருப்பி மாட்டுவோம். மறுபடி முதலிலிருந்து. ஒரு காலையில் பதினெட்டு முறை, இருபது முறை.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கழன்று விழுந்த தோட்டைத் தேடி அறையின் இடது மூலைக்குப் போனாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடித்தாளம் விழுந்ததும் அத்தான் துள்ளி எழுந்தார்.

"அசையாதே!"

அக்கா பல்லியோ பாம்போ என்று பயந்து உறைந்துபோனாள்.

"கேட்டீங்களா? கும்முனு இருந்தது கிண்ணுன்னு ஆயிடுச்சு!"

விஷயம் இதுதான். அடித்தாள ஒலி மூலையில் போய் மோதித் திரும்பி வந்து குழப்பம் செய்துகொண்டிருந்தது. அக்காவின் உடம்பு அதைக் குடித்துவிட்டது. அன்றே தீர்மானம் போட்டோம்: 'இடது மூலைக்குத் தலைவரின் மனைவியை நிரந்தரமாக நியமிப்பது.' கம்பளி போர்த்தினால் இன்னும் நன்றாகக் குடிக்கிறாள் என்று சர்வேயர் கண்டுபிடித்தார். தலைமுடி ஒலியைச் சிதறடிக்கிறது என்று பல் டாக்டர் கண்டுபிடித்தார். அதனால் தலையோடு சேர்த்துப் போர்த்தப்பட்டது. வளையல் கூடாது, இருமல் கூடாது, மூச்சு மூக்கு வழியாக மட்டும். இசைக்காக ஒரு பெண்ணுக்கு இவ்வளவு முக்கியமான இடம் கொடுத்த மன்றம் வேறு இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.

அக்கா தபால் ஆபீசில் பார்சல் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருஷமாக. எதையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவாள். அவளுக்குப் பொறுமை அதிகம். அந்தப் பொறுமை போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினான்காவது முறை பாட்டு நின்றபோது தீர்ந்துபோனது.

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்."

"மூலை பேசக் கூடாது" என்றார் அத்தான்.

"நாலு வருஷமா அந்தம்மா 'நீ'ன்னு கூப்பிடறாங்க. எதுக்குக் கூப்பிடறாங்கன்னு ஒரு நாளாவது கேட்போமே. அந்த நாற்காலியில உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, முழுப் பாட்டும் கேட்கணும் எனக்கு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'நீ'க்குப் பிறகு என்ன வருகிறது என்று எங்கள் நால்வருக்குமே தெரியாது. அதை ஒப்புக்கொள்வது மன்றத்தின் கௌரவத்துக்கு அழகல்ல. எனவே கோரிக்கையை எழுத்து மூலமாகத் தரும்படி கேட்டு வாங்கி, 'கொள்கை அளவில்' ஏற்று, விவாதத்துக்கு எடுத்துக்கொண்டோம்.

"தங்கச்சி கேட்கறது நியாயம்தான்" என்று பல் டாக்டர் ஆரம்பித்தார். "ஆனா, அவங்க நாற்காலிக்கு வந்துட்டா மூலையில யாரு?"

"அதானே!" என்றார் சர்வேயர். "மூலையில அவங்க இல்லாட்டி ஒலி கெட்டுடும். கெட்ட ஒலியைக் கேட்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்து உட்காரணும்?"

"நாலடிதானே வரணும்" என்றது கம்பளி.

மாற்று ஏற்பாடாக என்னைப் போர்த்தி மூலையில் நிறுத்திப் பார்த்தார்கள். "எலும்பு ஜாஸ்தி, கலகலங்குது" என்று அத்தான் என்னைத் தள்ளுபடி செய்தார். சர்வேயருக்குத் தொப்பை, அடித்தாளத்தோடு வயலினையும் குடித்துவிட்டார். கடைசியில் கோரிக்கை மரியாதையுடன் நிராகரிக்கப்பட்டது. நல்ல ஒலிக்கு இன்றியமையாதவர் என்பதாலேயே அதை அவர் கேட்க முடியாது என்று பெருமையோடு தெரிவித்தோம்.

"அப்ப ஃபோன்ல கேட்டுக்கறேன்" என்றாள் அக்கா.

அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுலயா? அந்தச் சக்கையையா?"

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அத்தான் புது ஒயர் வாங்க வெளியே போயிருந்தார். கூடத்தில் இரண்டு மெத்தை, பழைய செய்தித்தாள், ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிகளின் பஞ்சுப் பலகை எல்லாம் குவிந்து கிடந்தன. அக்கா கோணூசியால் ஒரு பெரிய சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ் தராசுல ஏறிப் பார்த்தேன்டா. அம்பத்தெட்டு கிலோ நானூறு. இதுவும் அம்பத்தெட்டு நானூறு. தூக்கிப் பாரு."

"என்னக்கா இது?"

"நான்தான்."

பார்சலை இடது மூலையில் அவள் உட்காரும் முக்காலியில் ஏற்றி, தலையிலிருந்து கம்பளியைப் போர்த்தினோம். தூர நின்று பார்த்தேன். நாலு வருஷமாக எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

"நான் ஆபீஸ் சிநேகிதி வீட்டுல இருக்கப் போறேன். சாப்பாட்டுக்கு மெஸ்ஸுல சொல்லியாச்சு, நேரத்துக்கு அறை வாசல்ல வெச்சுட்டுப் போவாங்க. அவருக்கு நான் இல்லைன்னு எந்த நிமிஷம் தெரியுதோ, அந்த நிமிஷம் ஃபோன் பண்ணு. வண்டி பிடிச்சு வந்துடறேன். நீ மட்டும் வாயைத் திறக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாருக்கா. அவரு காது என்ன லேசுப்பட்டதா?" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒயரை வலமிருந்து இடமாக மாட்டினாலே முகம் சுளிப்பவர். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் படியிறங்கினாள். ஒரு நாள் மாற்றுப் புடவைதான் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. திரைகள் இழுக்கப்பட்டன. வயலின், மணி, அடித்தாளம். அத்தானின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"இப்படியொரு அடித்தாளத்தை நான் ஜென்மத்துல கேட்டதில்ல."

"தங்கச்சி இன்னிக்கு மூச்சே விடலை போல!" என்றார் பல் டாக்டர்.

"நாலு வருஷப் பயிற்சி" என்றார் அத்தான் அடக்கத்துடன்.

இடது மூலைக்கு நன்றி தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அனைவரும் மூலையைப் பார்த்துக் கைதட்டினோம். வருகைப் பதிவில் அக்கா பெயருக்கு நேரே 'வந்திருந்தார்' என்று எழுதியவன் நான்தான். என்ன செய்வது, அடித்தாளம் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது.

புது ஒயர் 'பக்குவப்பட' நூற்றறுபது மணி நேரம் ஓட வேண்டுமாம். அத்தான் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே குடியேறினார். தினமும் சாயங்காலம் நான் போய்க் குறிப்பெடுப்பேன். திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டு மூலையைப் பார்த்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். செவ்வாய்க்கிழமை மெஸ்ஸில் ஆள் மாறியிருக்க வேண்டும். உப்பு சரியாக இருந்தது. அத்தான் முகத்தில் அப்படியொரு நிறைவு.

அக்கா தினமும் டீ இடைவேளையில் ஃபோன் பண்ணுவாள். "கண்டுபிடிச்சாரா?" என்பாள். இல்லை என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். மூன்றாம் நாள் வேறு விஷயம் சொன்னாள்.

"பாட்டை முழுசாக் கேட்டுட்டேன்டா. பஸ்ல, ஃபோன்ல."

"பஸ் இரைச்சல்ல அடித்தாளம் எப்படிக்கா..."

"அடித்தாளம் கிடக்கட்டும். 'நீ வர நேரமாகுமா'ன்னு கேக்கறாங்க. அவ்வளவுதான். நாலு வருஷமா இதைக் கேக்கத்தான் அந்தம்மா வந்து நின்னிருக்காங்க. வாயைத் திறந்ததும் நீங்க அடைச்சுட்டீங்க."

மன்றத்தின் மீதான இந்தக் குற்றச்சாட்டை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

ஆறாம் நாள் அவள் சிரிக்கவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையோ, ஏன் பேசலைன்னுகூடக் கேக்கலையா?" என்றாள். அன்று சாயங்காலம் அத்தானிடம் ஜாடையாகவாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் என் தோளில் கைபோட்டு வாசல் வரை அழைத்து வந்தார்.

"மாப்ள, உங்கக்காகிட்ட ஒரு மாற்றம் தெரியுது."

எனக்கு உயிர் வந்தது. "என்ன அத்தான்?"

"முன்ன மாதிரி இல்ல. எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்ல. இசை ஒரு மனுஷியை எப்படிப் பக்குவப்படுத்துது பாரு. எங்களுக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வாரம் மாதிரி நிம்மதியா இருந்ததில்ல."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒயருக்கு இன்னும் அறுபது மணி நேரம் பாக்கியிருந்தது. நடுவில் கலைத்தால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு. ஒயர் பக்குவப்பட்டுவிட்டது. வயலின் வந்தது, மணி வந்தது, அடித்தாளம் விழுந்தது. சட்டென்று அத்தான் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"ஏதோ இல்ல" என்றார்.

நான் சட்டைப்பையில் ஃபோனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் சார்?" என்றார் சர்வேயர் மெதுவாக.

"இடது பக்கம். எங்கேயோ ஒரு வெறுமை தெரியுது." அத்தான் கண்ணைத் திறக்காமலே எழுந்தார். கைகளை நீட்டிக்கொண்டு மூலையை நோக்கி நடந்தார். கம்பளிக்கு ஒரு முழம் முன்னால் நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். அவர் உதடு துடித்தது. இதோ, இதோ என்று நான் ஃபோனைப் பையிலிருந்து எடுத்தேன். அந்தக் காதைப் பற்றி இதுவரை நான் எழுதிய புகழெல்லாம் இந்த ஒரு நொடிக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் சுவரோரமா நகர்ந்துக்கம்மா" என்றார் அத்தான்.

கம்பளி நகரவில்லை.

"எத்தனை தடவை சொல்றது?"

அவர் குரலில் கோபம் ஏறியது. தலைவரின் கோபம் கூட்டத்தைக் கெடுத்துவிடும். நான் எழுந்து போனேன். அத்தான் நாற்காலிக்குத் திரும்பினார். மறுபடி வயலின், மணி, அடித்தாளம்.

"ஆங்! இப்ப ஒரு குறையும் இல்ல!"

பல் டாக்டர் விம்மினார். சர்வேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் முடிந்து தெருவுக்கு வந்ததும் ஃபோன் அடித்தது. அக்காதான்.

"இன்னிக்காவது ஏதாவது?"

"இன்னிக்குக் கண்டுபிடிச்சுட்டாருக்கா. இடது மூலையில ஏதோ இல்லைன்னு அவரே சொன்னாரு. கண்ணை மூடிக்கிட்டே நேரா அங்க வந்து நின்னாரு."

அக்கா சின்னக் குரலில், "நிஜமாவாடா? கிளம்பி வந்துடட்டுமா?" என்றாள்.

"வேணாம்க்கா. ரெண்டு அங்குலம்தான். நானே நகர்த்தி வெச்சுட்டேன்."