ஏழு டப்பாவும் ஒரே நெஞ்சும்

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். வழக்கமாக யோசிக்காமல் எழுதும் இந்த வாக்கியத்தை, இந்தமுறை பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரசவித்த உன் மகளுக்குத் துணையாக ஒரு மாதம் வந்து இருக்கச் சொன்ன நீயே நேற்று தொலைபேசியில், "உங்க ஆஸ்பத்திரியில என்னமோ காசநோயாமே, நீ பச்சப்புள்ளையத் தொடலாமாடி?" என்று கேட்டாய். சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், கேட்டதில் தப்பில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சுகாதார நிலையம் மூன்றே அறை. மருத்துவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் செவிலி நான்தான் எல்லாம். போன மாதம், இருமல் விடாத ஏழு பேருக்குச் சளி டப்பா கொடுத்தோம். எழுந்ததும் வரும் சளிதான் வேண்டும் என்பதால், காலையில் வாசலில் நின்று வாங்கி வைப்பது எங்கள் காவலாளியின் பொறுப்பு. முடிவு வந்தது. ஏழுக்கு ஏழும் காசநோய்! வருடத்துக்கு மூன்று பேர் வந்தாலே அதிகம் என்கிற இடத்தில் ஒரே நாளில் ஏழு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் ஒரே அழுகை. இரண்டாவது வீட்டில், நான் சொல்லி முடிப்பதற்குள் மருமகள் மாமனாருக்குத் தனித்தட்டு எடுத்துவிட்டாள், இத்தனை வருடமாக இதற்குத்தான் காத்திருந்தவள்போல. மூன்றாவது வீட்டுத் தையல்காரர் மட்டும் அழவில்லை. "ஏம்மா, எனக்குத் துப்பவே வரல. டப்பாவ வெறுமனதான் திருப்பிக் குடுத்தேன். டப்பாவுக்கா காசநோய்?" என்றார்.

திரும்பி ஓடிவந்து காவலாளியைப் பிடித்தேன். மனுஷன் பெருமையாகச் சொல்கிறார்: "ஏழு டப்பா குடுத்தா ஏழும் நெறஞ்சு வரணும்னு நீங்கதானம்மா சொன்னீங்க? பாவம், ஒருத்தருக்கும் வரல. எனக்கு ஊத்து மாதிரி வருது. இருக்கிறவன் இல்லாதவனுக்குக் குடுக்கிறதுதானே?" சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா. வருகிறவர்களிடம் "ரெண்டு வாரமா இருமலா?" என்று கேட்கிற ஆள் அவர். அதனால் அவரை யாரும் கேட்கவில்லை. அவர் உட்காரும் பதிவறையில் ஒரே ஒரு ஜன்னல். "காற்றோட்டமே பாதுகாப்பு" என்ற பெரிய சுவரொட்டி அதன் கதவுகளுக்குக் குறுக்கே ஒட்டியிருந்தது. திறந்தால் கிழியும் என்று யாரும் திறப்பதில்லை. ஒட்டியவள் நான். அன்றைக்கு நானே கிழித்தேன்.

ஏழு பேரிடமும் பக்கத்திலேயே நின்று மறுபடி சளி வாங்கினோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காவலாளிக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் ஓய்வு. அவரோடு ஒரே காற்றைச் சுவாசித்த ஊழியர்கள் ஐந்து பேரும் டப்பா எடுத்துக்கொண்டோம். ஐந்துமே சுத்தம் என்று முடிவு வந்துவிட்டது. ஆகவே நீ நிம்மதியாக இரு. வெள்ளிக்கிழமை மதியம் உன் வீட்டு வாசலில் நிற்பேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகள் சீக்கிரம் தெம்பாக எழுந்து நடக்கட்டும். பேரக்குழந்தை நூறாண்டு வாழட்டும்.

அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எங்கள் துப்புரவுக்காரம்மா வந்து, "என் சளி நல்லாயிருந்துச்சாமே!" என்றாள். என்ன விஷயம் என்றேன். "நீங்க நாலு பேரும் டப்பாவப் பாத்துப் பாத்து மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருந்தீங்க. நாந்தான் அஞ்சுலயும் பிரிச்சுப் போட்டு அனுப்பினேன். என் நெஞ்சு கல்லும்மா!" என் டப்பாவை நான் திறக்கவே இல்லை, அக்கா. நாளைக்கு, நாளைக்கு என்று மேசையில் வைத்திருந்தேன். பிறகு அதைக் காணோம். என் பெயருக்கு நல்ல முடிவு வந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. நல்ல சேதியை யார் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்? இன்று நானே இருமி, நானே மூடி, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு தெரியும்வரை வரமாட்டேன். வேறு யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள். போனில் நான் இருமியபோது தூசி என்று சொன்னேனே, அது தூசி இல்லை. மூன்று வாரமாகிறது.