இரண்டு பாலங்களும் மூழ்கிய கதை

மழை பெய்தால் வண்டியை வீட்டுக்குத் திருப்பிவிடுவது. கிளம்பும்போதே நான் எடுத்த வீர சபதம் இது. மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு எனக்கு வீரம் போதாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை, மீதிப் பேருக்குத் தூரப்பார்வை. எனக்கு மட்டும் தொலைநோக்கு கிடையாது. இருந்திருந்தால், "கடலோரமாவே நாலு நாள் கார்ல போய்ட்டு வரலாம்" என்று கல்யாணமான புதிதில் வாய்தவறிச் சொல்லியிருப்பேனா?

என் மனைவி பிரசவ வார்டு நர்ஸ். பத்து மாதம் பொறுப்பவர்களையே பார்த்துப் பழகியவள். என் வாக்குக்காகப் பதினோரு வருஷம் பொறுத்தாள். இந்த வருஷம் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் திருத்த எந்தக் கடையிலும் கண்ணாடி கிடையாது. கிளம்பிவிட்டேன்.

எனக்கோ சாய்வு நாற்காலியும் நாலு நாள் தூக்கமும்தான் சொர்க்கம்.

முதல் நாள் மத்தியானமே வானம் என் கட்சியில் சேர்ந்துவிட்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. "அடடா, மழை வந்துடுச்சே!" என்றேன், இழவு வீட்டுக் குரலில். உள்ளே மேளம் முழங்கியது.

"வந்தா என்னங்க? மழையில கடல் இன்னும் நல்லா இருக்கும்."

"எனக்கொண்ணும் இல்லம்மா. உனக்கு ஜலதோஷம் பிடிச்சுக்குமேன்னுதான்..."

"எனக்கா? தும்மறதுக்குக்கூட எனக்கு லீவு கிடைக்காது. நீங்க ரோட்டைப் பாருங்க."

டயரில் காற்றுப் பார்க்கும் சாக்கில் ஒரு பஞ்சர் கடை முன்னால் நிறுத்தினேன். நனைந்தபடி ஓடிப்போய்க் கடைக்காரர் காதில் சொன்னேன்: "அண்ணே, ஒரு உதவி. முன்னாடி பாலம் முழுகிடுச்சுன்னு என் வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"எனக்குப் பத்தொன்பது. வாங்க." குடையை எடுத்துக்கொண்டார்.

தங்கமான மனுஷன். கார் ஜன்னலில் குனிந்தார். "அம்மா, முன்னாடி பாலம் முழுகிப் போச்சு. போக முடியாது."

"ஐயோ! அப்ப வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதானா?"

நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு நல்ல கேள்வி வந்திருக்காது.

கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எங்கம்மா திரும்பறது? பின்னாடி பாலமும் இப்பத்தான் முழுகிச்சு!"

நான் கேட்டது ஒரு பாலம். தாராள மனசு, இரண்டையும் மூழ்கடித்துவிட்டார். மறுக்க வாயைத் திறந்தேன். வாய் திறந்தால் என் குட்டும் சேர்ந்தே திறக்கும். மூடிக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு, இங்கேயே தங்கிடுவோம்" என்று எதிரே கடலைப் பார்த்து நின்ற விடுதியைக் காட்டினாள் மனைவி.

சரி, தூக்கம் எங்கே தூங்கினால் என்ன என்று மாடி அறைக் கட்டிலில் விழுந்தேன். போர்வை பறந்தது. மழைக்கோட்டு வந்து முகத்தில் விழுந்தது.

"எழுந்திருங்க. கலங்கரை விளக்கத்துல ஏறலாம்."

"மழை பெய்யுதேம்மா!"

"அது உள்ள பெய்யாது."

நூற்று நாற்பது படி. பாதியிலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் என் முதுகைத் தட்டினாள். "பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அவ்வளவுதான், இன்னும் கொஞ்சந்தான்..." உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும், என்ன குழந்தை என்று கேட்கத் தோன்றியது எனக்கு.

மேலே நின்று பார்த்தோம். மழை ஒரு திரைபோலக் கடல்மேல் நகர்ந்து போனது. தூரத்தில் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா இதைத்தாங்க பார்க்கணும்னு இருந்தேன்."

"வெயில்ல வந்திருந்தா இன்னும் நல்லாத் தெரியுமே?"

"வெயில்னா நீங்க நிழல் தேடிப்போய்த் தூங்கியிருப்பீங்க. பக்கத்துல யாரு நிப்பா?"

என் கண்ணாடி மங்கியது. மழை என்றேன். அவள் நம்பினாள், அல்லது நம்பியதுபோல் விட்டுவிட்டாள்.

மறுநாளும் மழைதான். ஈர மணலில் நடந்தோம். ஓடம் பழுதுபார்க்கும் கொட்டகையில் ஒதுங்கி, தச்சர் கொடுத்த சூடான டீயைக் குடித்தோம். அலை என் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனது. அவள் தன்னுடைய இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு எனக்குச் சமமாக வெறுங்காலில் நடந்தாள். என்னவெல்லாமோ பேசினோம். வீட்டில் ஒரு மாதத்துக்கு ஆகும் பேச்சு.

சாயங்காலம் ஜன்னலோரம் நின்றவள் கூப்பிட்டாள். "என்னங்க, மூணாவது பஸ் போகுது. பாலந்தான் முழுகிடுச்சே, நீந்தியா வருது?"

"டிரைவருக்கு நீச்சல் தெரியும்போல."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பளிச்சென்று விடிந்தது. ஈரச் சாலை கடலோரமாக வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. அடுத்த முனையில் இன்னொரு கலங்கரை விளக்கம். எனக்குக் கால் பரபரத்தது. நாளைக்கு வீடு என்று நினைத்தாலே கசந்தது. மார்பை நிமிர்த்தினேன்.

"இங்க பாரும்மா, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நாலு நாள் பத்தாது. கடை எப்படிப் போனாலும் சரி, இன்னும் ஒரு வாரம் சுத்திட்டுத்தான் வீடு. மறுபேச்சுப் பேசாதே!"

அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கிளம்பற அன்னிக்கே உங்க கடைக் கதவுல 'பத்து நாள் விடுமுறை'ன்னு எழுதி ஒட்டிட்டுத்தாங்க வண்டியில ஏறினேன்."