பொம்மைப் போலீஸ்காரரால் வந்த வழக்கு

எல்ம்டன், வடக்கு டகோட்டா
அக்டோபர் 9

அன்பு நிறைந்த அக்கா ஆர்டிஸுக்கு,

உன் தம்பி ஆர்லோ பணிவோடு எழுதிக்கொண்டது. நான் சுகம். அரிசோனா வெயிலில் உன் முட்டிவலி கொஞ்சமாவது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அத்தானை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். நான் கைதான சேதியை எதிர்வீட்டு லவோன் உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். அவள் சொன்னதில் பாதி பொய். எனக்குக் கைவிலங்கு போடவில்லை. மீதிப் பாதி உண்மையாகிவிட்டதால் முழுக்கதையையும் நானே எழுதிவிடுகிறேன்.

என் வீட்டு முன்னால் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் உனக்குத் தெரியும். இந்த வசந்தத்திலிருந்து அந்தச் சாலையில் ஜல்லி லாரிகள் பறக்கின்றன. ஏப்ரலில் ஒரு லாரி போன வேகத்தில், அந்தக் காற்றுக்கே ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளத்தில் போய் விழுந்தாள். சிராய்ப்புதான். ஆனால் முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டி ஒரு குழந்தைக்கும் கீறல் படாமல் இறக்கிவிட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்குமா? நேரே போலீஸ் தலைவர் ராய்ஸிடம் போனேன். "ஆள் இல்ல ஆர்லோ. நாங்க மொத்தமே மூணு பேரு. இன்னொரு ஆள் கேட்டு ஊர்சபைகிட்ட மூணு வருஷமா கெஞ்சிக்கிட்டிருக்கேன்" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

மூடிப்போன துணிக்கடை வாசலில் ஆளுயரப் பொம்மை ஒன்று கிடந்தது. அதற்கு என் நீலச் சட்டையை மாட்டி, என் பழைய ஓட்டுநர் தொப்பியை வைத்து, ஓடாமல் கிடந்த என் வெள்ளைக் காரில் உட்கார வைத்துச் சாலையோரம் தள்ளிவிட்டேன். காரில் போலீஸ் என்று எழுதவில்லை அக்கா, சத்தியம். பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் ஒட்டினேன். மறுநாள் காலையில் லாரிகள் எல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவாகப் போயின. நான் ஜன்னலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே ரசித்தேன்.

ஐந்து மாதம் நிம்மதியாகப் போயிற்று. ஊர்க்காரர்கள் பொம்மைக்குக் கையசைத்தார்கள். யாரோ அதற்குக் கிறிஸ்தவ சபையின் விருந்து அழைப்பிதழைக்கூடச் செருகிவிட்டுப் போனார்கள். லவோன்தான் கெடுத்தாள். உனக்குத்தான் தெரியுமே, அவளுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளக் கௌரவக் குறைச்சல். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றி அந்தப் பொம்மையிடம் கால்மணி நேரம் முறையிட்டிருக்கிறாள். அது வாயே திறக்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய், "உங்க ஆளுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியல. வயசான பொம்பள பேசுறேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எந்த ஆள் என்று பார்க்க ராய்ஸே புறப்பட்டு வந்தார். பொம்மையின் தோளைத் தட்டினார். தலை கழன்று மடியில் விழுந்தது. அரைமணி நேரத்தில் என் மீது வழக்கு: போலீஸ் அதிகாரி போல ஏமாற்றியது. அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை அக்கா. அறுபத்தெட்டு வயதில் சிறைச்சாலைக் கட்டிலில் எப்படிக் குனிந்து சாக்ஸ் போடுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் எனக்காக நியமித்த வக்கீல் காரா பாஷ், நகரத்துப் பெண். வந்ததும் நோட்டைத் திறந்து, "சார், சட்டம் எனக்குத் தெரியும். உங்க ஊர் தெரியாது. இங்க போலீஸ் எப்படி, சனங்க எப்படி, யாருக்கு எதுல வருத்தம், எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள். "ஊர்ல முக்காவாசிப் பேரு நான் பஸ்ஸுல ஏத்திட்டுப் போன பிள்ளைங்கம்மா. என் பக்கம்தான் நிப்பாங்க" என்றேன். நின்றார்கள். பதினேழு பேர் சாட்சி சொல்வதற்காகக் காராவைத் தேடி வந்தார்கள். முதல் ஆள், "அப்படியே அசல் போலீஸ் மாதிரி இருந்திச்சு, ஆர்லோ கைவண்ணமே தனி" என்றான். இரண்டாவது ஆள், "நான் அஞ்சு மாசமா நம்பிட்டேனே!" என்றான். காரா பேனாவை மூடிவிட்டாள். "சார், இவங்க அன்பே உங்கள உள்ள தள்ளிடும். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள்.

அவள்தான் ராய்ஸைப் பார்க்கலாம் என்றாள். "நான் உங்க கால மிதிச்சா நீங்க வாய மூடிடணும்" என்று ஒப்பந்தம். உள்ளே போனதும் ராய்ஸ் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். "ஊர்சபைக் கூட்டத்துல என்ன சொன்னாங்க தெரியுமாய்யா? 'உங்க ஆளு ஒருத்தர் காலையிலேர்ந்து அந்த ரோட்டுலயே சும்மா உக்காந்திருக்காரு. அவ்வளவு ஓய்வா இருக்கறப்ப மூணு பேரு எதுக்கு'ன்னு. எங்க மூணு பேருல ஒருத்தி, ஜோடின்னு பேரு, அவ வேலையத் தூக்கிட்டாங்க. கைக்குழந்தைக்காரி. ஒரு துணிக்கடைப் பொம்மைக்காக அவ வீட்டுக்குப் போகணுமா?"

அக்கா, ஊரில் எல்லாரையும் தெரியும் என்று மார்தட்டியவனுக்கு இது தெரியவில்லை. "ராய்ஸ், ஆள் இல்லன்னு நீ சொன்னப்ப நான் நம்பல. தப்பு என்னுதுதான்" என்றேன். காரா காலை மிதித்தாள். "சபையில நானே எழுந்து சொல்றேன்" என்றேன். இன்னும் பலமாக மிதித்தாள். ராய்ஸ் அப்போதுதான் நிமிர்ந்தார். "வக்கீலம்மா, அவர் கால விட்டுடுங்க" என்றார்.

காரா முதலில் எதிர்த்தரப்பு அரசு வக்கீலிடம் பேசி, நான் சொல்வதை எனக்கு எதிராகத் திருப்பமாட்டோம் என்று எழுதி வாங்கினாள். பிறகு அந்தப் பதினேழு பேரையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். ஐந்து மாதமாக அங்கே உட்கார்ந்திருந்தது ஆளே இல்லை, போலீஸில் உண்மையிலேயே ஆள் பற்றாக்குறை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உறுப்பினர்களில் இருவர் அந்தப் பொம்மைக்குத் தினமும் சல்யூட் அடித்தவர்களாம். முகம் சிவந்து, ஜோடிக்கு ஆதரவாகச் சீக்கிரமாகக் கை தூக்கிவிட்டார்கள். ஜோடிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வாசலில் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு, "இன்னொரு தடவ செஞ்சீங்க, நானே விலங்கு மாட்டுவேன்" என்றாள். நீதிபதி, அறுபது மணி நேரம் மஞ்சள் சட்டை போட்டு அதே நிறுத்தத்தில் நின்று குழந்தைகள் சாலையைக் கடக்க உதவினால் வழக்கைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார்.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. நான் திருந்திவிட்டேன். பொம்மையைக் குப்பையில் போடும்படி ராய்ஸிடம் சொல்லிவிட்டேன். சாலைக் காவலுக்கு உயிருள்ள மனிதனுக்கு ஈடு கிடையாது என்பதை இப்போது முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கடவுள் உனக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல முட்டியும் தருவாராக.

உன் பாசமுள்ள தம்பி,
ஆர்லோ

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன் ஒரு வார்த்தை. இன்று என் முதல் நாள். லாரிக்காரர்கள் என்னைப் பார்த்து ஹாரன் அடித்து, சிரித்து, அதே வேகத்தில் பறந்தார்கள். ராய்ஸ் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு போய், பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையைச் சரியாகத் திருகி, காரில் உட்கார வைத்தார். "இனிமே இது நம்ம டிபார்ட்மெண்டு சொத்து, அதனால குத்தமில்ல. நீ கொஞ்சம் மரத்துக்குப் பின்னாடி நில்லுய்யா, உன்னப் பார்த்தா பயம் வரல" என்றார். ஆகையால் கடைசிப் பத்தியை அடித்துவிட்டுப் படிக்கவும்.